இல்லமும் கைத்திறனும்: தூண்டிலுக்கு ஒரு பொய்ப்புழு



கடற்கரைப் பங்கு ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதிய மடல் இத்திங்கள் நம் மேசைமேல் இருக்கிறது. டெக்சாஸ் மாநிலத்தில் பணிபுரியும் அவருடைய தம்பி விடுமுறைக்கு வந்தபோது அக்காள் மகனுக்கு ஒரு பெட்டியைப் பரிசாகக் கொடுத்தாராம். அதனுள் தேங்காய்ப்பால் போன்ற வெண்மையான திரவம் ஒரு புட்டி, சாயம் இரண்டு குப்பி, புழுவின் வடிவில் குழி வெட்டிய அச்சு ஒன்று. பதினாறு வயது மகன், தாய் வெளியே சென்றிருந்த மாலைப்பொழுதில், பால் காய்ச்சும் பாத்திரத்திலேயே அத்திரவத்தை ஊற்றி அடுப்பில் ஏற்றிவிட்டான். அவர் திரும்பி வந்தபோது வீடெங்கும் கண்ணெரிக்கும் புகை. பாத்திரத்தின் அடியில் பழுப்பேறிய பிசின். ஆயினும் மூன்று புழுக்கள் நன்றாகவே வார்ந்திருந்தன. மறுநாள் அவற்றுள் ஒன்றைக் கொண்டு கழிமுகத்தில் ஒரு கொடுவா மீனையும் பிடித்து வந்துவிட்டான். “தண்டிப்பதா, தட்டிக்கொடுப்பதா என்று விளங்கவில்லை. இதைத் தொடரவிடலாமா?” என்று கேட்கிறார் அத்தாய்.

விடலாம் என்பதே நம் கருத்து. ஆனால் அடுக்களையில் அன்று, தனியாகவும் அன்று. இதற்கான காரணத்தைச் சொல்லவேண்டுமாயின் அந்தப் புழுவின் கதையிலிருந்தே தொடங்கவேண்டும்.

இக்கலை பிறந்ததும் ஓர் இல்லத்தில்தான் என்பதை அத்தாய் அறிந்தால் சற்று ஆறுதல் அடையக்கூடும். கெட்டியான ரப்பரில் செய்த பொய்ப்புழுக்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே மேனாடுகளில் இருந்தன. ஆனால் அவை விறைப்பாகக் கிடந்தன. மீன் கவ்வியதும் துப்பிவிடும். 1949ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில், நிக் கிரீம் என்பவரும் அவருடைய மனைவி காஸ்மாவும் வினைல் என்னும் நெகிழியோடு எண்ணெயும் நிறமியும் சேர்த்துக் காய்ச்சி, குளிர்ந்த பின்னும் மென்மை மாறாத ஒரு புழுவை வார்த்தெடுத்தனர். 1951இல் ஐந்து புழு ஒரு டாலர் என்று அஞ்சல் வழியே விற்கத் தொடங்கினர். பின்னர்த் தொழிற்சாலை டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில் அமைந்தது. பெரிய நீர்த்தேக்கங்களில் பாஸ் என்னும் மீனைத் தேடி அலையும் அம்மாநிலத்தார், தூண்டில் முள்ளின் நுனியைப் புழுவின் உடலுக்குள்ளேயே புதைத்து, பாசியிலும் மூழ்கிய மரக்கிளைகளிலும் சிக்காமல் இழுக்கும் முறையைக் கைக்கொண்டனர். இன்றும் அது டெக்சாஸ் கட்டு என்றே வழங்குகிறது. நம் மாணவனின் மாமா இதே ஊர்ப்பக்கத்திலிருந்து அப்பெட்டியைக் கொண்டுவந்ததில் வியப்பில்லை. பாஸ் நம் நீர்களில் இல்லை. ஆனால் உயிரிரையை விரட்டிக் கவ்வும் கொடுவாவும் விராலும் இந்தப் பொய்யை நம்பத் தயங்குவதில்லை.

இனி, அந்த வெள்ளைத் திரவம் யாது? பிளாஸ்டிசால் என்பது அதன் பெயர். நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய் செய்யும் பி.வி.சி. தான் அதிலும் உள்ளது. ஆனால் மிக நுண்ணிய பொடியாக, இளக்கி எனப்படும் ஒருவகை எண்ணெயில் மிதந்துகொண்டிருக்கிறது. திருப்பூரில் பனியன்மேல் படம் அச்சிடும் மைகளில் ஒருவகையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. சூடேறும்போது பொடியின் துகள்கள் எண்ணெயைக் குடித்து உப்புகின்றன. முதலில் கூழாகக் கெட்டிப்படும். கெட்டுப்போயிற்று என்று எண்ணிப் புதியவர்கள் அடுப்பை அணைத்துவிடுவது இந்த இடத்தில்தான். பொறுத்திருந்து கிளறினால் ஏறத்தாழ 175 டிகிரி செண்டிகிரேடில் வெண்மை மறைந்து, வெல்லப்பாகு போலத் தெளிந்து ஓடத் தொடங்கும். அதுவே பதம். ஆறினால் இரப்பர் போல் வளையும். இளக்கி மிகுதியானால் புழு மேலும் மென்மையாகும், குறைந்தால் விறைக்கும். குழாய்த் துண்டுகளை உருக்கினால் இதே பொருள் கிடைக்கும் என்று எண்ணி எவரும் முயலவேண்டாம். குழாயில் அந்த எண்ணெய் இல்லை. அது கருகி நச்சுப்புகை விடுமேயன்றிப் பாகாகாது.

அத்தாயின் கண்ணை எரித்த புகைக்கும் காரணம் இங்கேயே உண்டு. பி.வி.சி.யில் குளோரின் இருக்கிறது. பதத்தைக் கடந்து சூடேறினால் அது நீரியத்தோடு கூடி, ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியாக வெளியேறுகிறது. திரவம் முதலில் மஞ்சளிக்கும், பிறகு பழுப்பாகும். இதைத் தாமதப்படுத்தவே செய்பவர்கள் வெப்பநிலைப்படுத்தி என்னும் பொருளை முன்னரே கலந்திருக்கிறார்கள்; எனினும் அது தாமதப்படுத்துமே அன்றித் தடுத்துவிடாது. ஆகவே மஞ்சள் நிறம் தோன்றிய கணமே அடுப்பை அணைத்து, காற்று வரும் பக்கம் விலகி நிற்கவேண்டும். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொள்வது தூசிக்கு உதவும். அமில ஆவிக்கு உதவாது. அதற்கென்றே வடிகட்டி பொருத்திய முகமூடி கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்க இயலாதவர்கள் இத்தொழிலைத் தொடாதிருப்பதே நலம் என்று சற்றுக் கடுமையாகவே சொல்கிறோம்.

ஆகவே இடம் கொல்லைப்புறம், கூரையில்லாத வெளி. அடுப்பு, வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய மின்சார அடுப்பு; எரியும் சுடர் வேண்டாம். பாத்திரம், மூக்குள்ள, அடி கனத்த சிறிய எவர்சில்வர்ப் பாத்திரம் ஒன்று, கரண்டியும் உலோகத்தாலானதே. இரண்டும் இனி ஒருபோதும் சமையலுக்குத் திரும்பக்கூடாது. அமெரிக்க இல்லங்களில் பலர் நுண்ணலை அடுப்பில், வெப்பம் தாங்கும் கண்ணாடிக் குவளையில் வைத்துச் சூடாக்குகிறார்கள். அங்கும் அவ்வடுப்பை இதற்கென்றே ஒதுக்கிவிடுவதுதான் முறை. வெப்பமானி ஒன்று கட்டாயம் தேவை. பாகைக் கண்ணால் பார்த்தே பதம் சொல்லும் நம் பாட்டிமாரின் திறமை இதில் கைகொடுக்காது. முதன்முறைக்கு 100 மில்லிலிட்டர் போதும்; விரல் நீளமுள்ள மெல்லிய புழுக்கள் இருபத்தைந்து வரை கிடைக்கும். முழங்கைவரை மறைக்கும் பருத்திச் சட்டை, தோல் கையுறை, காலணி, கண்ணாடி ஆகியவற்றைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. சிறு குழந்தைகள் வேலை முடியும்வரை வீட்டுக்குள் இருக்கட்டும்.

எல்லாவற்றிலும் கொடிய பகை தண்ணீர். இதை நாம் ஏட்டில் படித்து மட்டும் எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி மாதத்தில், நண்பர் ஒருவரின் கொல்லையில் நாமும் இதை முயன்றோம். பாரிஸ் சாந்தினால் அச்சு ஒன்று செய்து இரண்டு நாள் காயவைத்தோம். தொட்டுப் பார்த்தால் உலர்ந்தே இருந்தது. பாகை ஊற்றியதும் அச்சின் உள்ளிருந்த ஈரம் நீராவியாகிச் சீறி எழுந்தது. ஒரு துளி மணிக்கட்டில் விழுந்து ஒட்டிக்கொண்டது. மற்றொரு துளி மூக்குக்கண்ணாடியில். மணிக்கட்டில் அந்த வடு இன்றும் இருக்கிறது. கண்ணாடி இல்லாதிருந்தால் இக்கட்டுரையை ஒற்றைக் கண்ணால் எழுதிக்கொண்டிருப்போம். நூறு டிகிரியில் கொதிக்கும் நீர், 175 டிகிரிப் பாகைச் சந்தித்தால் வேறென்ன நடக்கும்?

சாந்து அச்சு மலிவானது, தொடக்கத்திற்கு ஏற்றது. ஆகவே அதைச் சரியாகச் செய்யும் முறையைச் சற்று விரித்தே சொல்வோம். முதலில் மாதிரிப் புழு ஒன்று தேவை. கடையில் வாங்கியதாயினும் களிமண்ணில் தாமே பிடித்ததாயினும் ஏற்றதே. ஒரு சிறிய அட்டைப் பெட்டியின் அடியில் அதைப் பசையிட்டு ஒட்டி, மேலே வாசலின் மெல்லியதாகத் தடவவேண்டும். சாந்து இரண்டு பங்குக்கு நீர் ஒரு பங்கு என்ற அளவில், காற்றுக்குமிழி புகாமல் மெதுவாகக் கலந்து ஊற்றிப் பெட்டியை இலேசாகத் தட்டவேண்டும். குமிழிகள் மேலே வந்துவிடும். ஒரு மணி நேரம் சென்றபின் அட்டையைக் கிழித்து மாதிரியை நீக்கினால் குழி தெளிவாக நிற்கும். இனிமேல்தான் பொறுமைக்குச் சோதனை. அச்சை நாள்தோறும் தராசில் நிறுத்து எடையைக் குறித்துவரவேண்டும். எடை குறைந்துகொண்டே வரும். தொடர்ந்து இரண்டு நாள் ஒரே எடை நின்றால்தான் உள்ளீரம் போயிற்று என்று பொருள். கன்னத்தில் வைத்துப் பார்த்துக் குளிர்ந்தால் இன்னும் காயவில்லை. நல்ல வெயிலில் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம்; மழைக்காலத்தில் தொடங்கவே வேண்டாம். காய்ந்தபின் வெள்ளைப் பசையைச் சம அளவு நீரில் கரைத்து மூன்று நான்கு முறை பூசி, ஒவ்வொரு பூச்சையும் முற்ற உலரவிட்டால், குழியின் மேற்பரப்பு வழவழப்பாகி, வார்ப்பு ஒட்டாமல் வரும். கடைசிப் பூச்சு உலர்ந்தபின் எடையை மறுபடியும் பார்த்துக்கொள்வது நன்று. சிலிக்கோன் அச்சும் அலுமினிய அச்சும் இத்தொல்லைகள் அற்றவை, விலையும் அதற்கேற்றாற்போல்.

தண்ணீர் வேறு பல வேடங்களிலும் வரும். சமையல் சாயங்களில் நீர் உண்டு. அவற்றைப் பாகில் விடலாகாது. இதற்கென்றே செய்த சாயத்தைச் சில துளிகள் மட்டும் விடவேண்டும். புழு நீரில் விரைந்து அமிழவும், கவ்விய மீன் சற்றுக் கூடுதலான நேரம் வைத்துக்கொள்ளவும் உப்புப் பொடி கலப்பது வழக்கம். நம் கல்லுப்பு ஈரத்தை ஈர்ப்பதில் பெயர்பெற்றது. அதை மாவாகப் பொடித்து, வெறுஞ்சட்டியில் வறுத்து, சூடு ஆறுமுன் மூடிவைத்த பின்னரே கலக்கவேண்டும். நெற்றி வியர்வையும் தண்ணீரே என்பதை மறக்கவேண்டாம்.

இவ்வளவும் சரியாயிருந்தால் வார்ப்பது ஒரு நிமிட வேலை. மெல்லிய வால்பகுதியில் தொடங்கித் தலைப்பக்கம் நோக்கிச் சீராக ஊற்றவேண்டும். ஐந்து நிமிடங்களில் எடுக்கலாம். எடுத்த புழுவைச் சமமான தட்டில் நேராகக் கிடத்தி ஆறவைக்கவேண்டும். கோணிக் கிடந்தால் அக்கோணல் நிலைத்துவிடும், நீரில் இழுக்கும்போது சுழன்று நூலை முறுக்கும். பாகு தோலில் பட்டுவிட்டால் பிய்த்தெடுக்க முயலாமல், குளிர்ந்த ஓடும் நீரில் இருபது நிமிடம் பிடித்துக்கொண்டு, பின் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். இதற்கான வாளி நீர் பாகுப் பாத்திரத்திலிருந்து பத்தடி தள்ளியே இருக்கட்டும். பாத்திரம் தீப்பற்றினால் நீர் ஊற்றலாகாது. அடுப்பை அணைத்து மூடியால் மூடவேண்டும்.

ஆறிய புழுக்களைப் பாலித்தீன் பையில், நிறவாரியாகப் பிரித்து வைப்பது நன்று. ஒன்றின் சாயம் மற்றொன்றில் ஏறும் இயல்புடையது. கடினமான பிளாஸ்டிக் டப்பாக்களில் சிலவற்றை அந்த இளக்கி எண்ணெய் கரைத்துப் பிசுபிசுப்பாக்கிவிடும். பெரிதும் ஆசையோடு வாங்கிய தூண்டில் பெட்டி ஒன்றை நாமே அவ்வாறு இழந்தோம்.

அந்த எண்ணெயைப் பற்றி ஒரு சொல். தாலேட்டு எனப்படும் வகைகள் சிலவற்றைக் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களில் 0.1 விழுக்காட்டுக்குமேல் சேர்க்கலாகாது என்று அமெரிக்கா 2008இல் சட்டம் செய்தது. தூண்டில் புழு அச்சட்டத்துள் வருவதில்லை. ஆயினும் வீட்டில் தவழும் குழந்தை அதைப் பொம்மையென்று எண்ணி வாயில் வைக்காது என்பதற்கு உறுதியில்லை. தாலேட்டு இல்லாத பிளாஸ்டிசாலும் கிடைக்கிறது. அடுத்த புட்டி வாங்கும்போது மாமாவிடம் அதையே கேட்கவும்.

இவ்விளைஞன் இன்னும் சில மாதங்களில் புழுவோடு நில்லாமல் ஈயக்குண்டும் வார்க்க விரும்புவான். அதற்கு மட்டும் இடம் தரவேண்டாம். ஈயத்தூள் வளரும் பிள்ளைகளின் மூளையைக் கெடுப்பது. நீர்நிலைகளில் விழுந்த ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னங்கள் மடிந்தமையால் இங்கிலாந்து 1987இலேயே சிறிய ஈயக்குண்டுகளின் விற்பனையைத் தடைசெய்தது.

புழுவும் நீரில் தொலைந்துபோனால் அழுகுவதில்லை. அறுந்து விழுந்தவற்றை மீன்கள் விழுங்குகின்றன என்று கவலை எழுந்து, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 2013ஆம் ஆண்டு இத்தகைய புழுக்களையே தடைசெய்யச் சட்டமுன்வரைவு ஒன்று வந்தது. அது அவ்வாறே நிறைவேறவில்லை. ஆனால் கவலைக்குக் காரணம் இல்லாமலில்லை. வீட்டில் வார்ப்பவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. கிழிந்த புழு அவருக்குக் குப்பையன்று, அடுத்த வார்ப்புக்கான மூலப்பொருள். சேர்த்துவைத்து, நறுக்கி, மீண்டும் உருக்கலாம். நீரில் கிடந்தவை ஆதலால் பல நாள் வெயிலில் உலர்த்திய பின்னரே உருக்கவேண்டும் என்பதை இனி நாம் சொல்லவேண்டியதில்லை. ஒரு முறை உருகியது அடுத்த முறை விரைவில் மஞ்சளிக்கும். ஆகவே புதிய திரவத்தோடு கலந்து, கருநிறப் புழுக்களாக வார்த்தால் குறை தெரியாது.

மடல் எழுதிய தாய்க்கு இறுதியாக ஒன்று. வார்க்கும் நாளில் தந்தையோ பெரியவர் ஒருவரோ உடனிருக்க ஒப்புக்கொண்டால் மகனுக்கு அனுமதி கொடுங்கள். அந்தப் பால் பாத்திரத்தைத் துலக்கிப் பயன்படுத்தலாமா என்றும் பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். புளியும் சாம்பலும் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் அதில் இனிப் பால் காய்ச்சவேண்டாம். அதை மகனிடமே கொடுத்துவிடுங்கள். புதியதொன்றை அவன் பிடித்துவரும் அடுத்த கொடுவாவின் விலையிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.