பிறர் செவியால் கேட்கும் பேதைமை

முத்தமிழுள் இசையை நடுவண் வைத்துப் போற்றிய இனம் நாம் என்று மேடைதோறும் முழங்குகின்றோம். அவ்வினத்து இளைஞன் ஒருவன் தன் வீட்டு மூலையில் ஒரு கணிப்பொறியையும் ஓர் ஒலிவாங்கியையும் வைத்துக்கொண்டு பாட்டொன்றைப் பதிவுசெய்ய முற்பட்டால், அவனுக்கு வழிகாட்டத் தமிழில் நின்று நிலைத்த திங்களிதழ் ஒன்றுண்டா? திரைப்பட நடிகர் எங்கே உண்டார், எங்கே உறங்கினார் என்று எழுத இதழ்கள் உண்டு. இதற்கு இல்லை. ஆகவே அவன் ஆங்கில இதழ்களின் வாயிலில் போய் நிற்கின்றான். கற்றுக்கொள்வதில் இழிவில்லை, நிற்கட்டும். ஆயின் அங்கே அவன் எதைப் பெறுகின்றான், பெற்றதற்கு ஈடாக எதைக் கொடுத்துவிட்டு வருகின்றான் என்பதே ஈண்டு நம் வினா.

அவ்விதழ்களை ஒன்றோடொன்று வைத்து நோக்குவோம். இங்கிலாந்தில் 1985-இல் தோன்றிய 'சவுண்ட் ஆன் சவுண்ட்' இன்றும் வெளிவருகின்றது. அதில் கார்டன் ரீடு என்பார், மின்னிசைப்பொறியில் ஒலி எங்ஙனம் உருவாக்கப்படுகின்றது என்பதை 1999 முதல் 2004 வரை 63 பகுதிகளாக எழுதினார். முரசின் தோல் எப்படி அதிர்கின்றது, வில்லிட்டு இழுத்த நரம்பு எப்படி ஒலிக்கின்றது என்று அடிப்படையிலிருந்து தொடங்கி விளக்கிய அத்தொடர், ஓர் இதழ் செய்த பல்கலைக்கழகப் பணி. அதே நாட்டில் 1992-இல் 'பியூச்சர் மியூசிக்'கும் 1998-இல் 'கம்ப்யூட்டர் மியூசிக்'கும் எழுந்தன. பின்னது இதழோடு ஒரு வட்டையும் இணைத்து, அதில் மென்பொருள்களைத் தனிவிலையின்றித் தந்தது. பொருளற்ற மாணவனுக்கு அது பேருதவி என்பதை மறுக்கமாட்டோம். எனினும் அவற்றுள் கற்பிப்பது எங்கே முடிகின்றது, விற்பது எங்கே தொடங்குகின்றது என்று பிரித்தறிவது கடினம். கருவி செய்வான் தரும் விளம்பரப் பணத்தில் வாழும் இதழ், அவன் கருவியை எடைபோடும்போது தட்டு சற்றே சாயாதோ? அவ்விரண்டும் 2024-இல் நின்றுபோயின. அமெரிக்காவில் 1996-இல் இலாரி கிரேன் எளிய கையிதழாகத் தொடங்கிய 'டேப் ஆப்' வேறு வகையது. ஒலிப்பதிவாளர்களோடு நெடிய உரையாடல்களை நிகழ்த்தி, விலையுயர்ந்த கருவியினும் கேட்கும் செவியே பெரிது என்று காட்டுவது. எதைப் படிப்பது என்று நம் இளைஞர் கேட்பின், அறிவுக்கு முதலாவதையும் துணிவுக்குக் கடைசியதையும் படிக்கச் சொல்வோம்.

சப்பானியனைப் பாருங்கள். 1981 முதலே அவன் தன் மொழியில் 'சவுண்ட் அண்ட் ரெக்கார்டிங்' என்னும் இதழை நடத்துகின்றான். பெயரை ஆங்கிலத்தினின்று இரவல் பெற்றது நமக்கு உவப்பன்று. ஆயினும் உள்ளே அவன் எழுதுவது சப்பானிய மொழியில். மின்னிசைப்பொறிகளை உலகுக்கெல்லாம் விற்கும் நாடு அது. தாய்மொழியில் எழுதியதால் அவன் எந்த அறிவில் பின்தங்கினான்?

தமிழனுக்குத் திறமில்லை என்று எவரும் வாய்திறக்க முடியாது. 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்திலேயே இளையராசா கணிப்பொறியை இசைக்குப் பயன்கொண்டார். 1989-இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டோடு இரகுமான் அமைத்த ஒலிப்பதிவுக்கூடத்திலிருந்து எழுந்த இசை, 1992-இல் 'ரோசா' வழியாக நாடெங்கும் பரவியது. கைத்திறம் இங்கே இருந்தது, இன்றும் இருக்கின்றது. ஆனால் கற்றவர் கற்றதைத் தமிழில் எழுதி வைக்கவில்லை. அறிவு அறைக்குள்ளேயே நின்றது. அறையை விட்டு வெளிவந்தபோதும் ஆங்கிலச் சட்டை அணிந்தே வந்தது.

இதனால் என்ன கேடு என்பார்க்குக் காட்டுப்பள்ளியைக் காட்டுவோம். எண்ணூருக்கு வடக்கே, கடலுக்கும் பழவேற்காட்டு நீர்நிலைக்கும் நடுவே கிடக்கும் மணல்நிலம் அது. கப்பல் கட்டுந்துறைக்கும் துறைமுகத்திற்குமாக அங்கிருந்த மீனவக் குப்பத்தார் தம் பழைய கரையினின்று பெயர்க்கப்பட்டனர். 2018-இல் அத்துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. அதை மேலும் விரிக்கும் திட்டத்தை எதிர்த்துப் பழவேற்காட்டு மீனவர் போராடினர். கரை போனால் கரைவலை போகும். வலை போனால் அதை இழுக்கையில் ஒருவர் முன்பாட மற்றவர் ஏற்றுப் பாடும் அம்பாப் பாட்டும் போகும். அப்பாட்டைக் காக்க எண்ணி, அவ்வூர் இளைஞன் ஒருவன் தன் பாட்டனைப் பாடச்செய்து பதிவு செய்கின்றான் என்று கொள்வோம். அடுத்து அவன் செய்வதென்ன? ஆங்கில இதழ் கற்பித்தபடி, அதைக் கணிப்பொறியின் தாளக் கட்டங்களில் ஏற்றுகின்றான். வலை கனத்தால் அம்பா தாழும். வலை இளகினால் விரையும். பாட்டின் தாளத்தை அளப்பது இழுப்பவர் தோள். கட்டத்துக்கு அடங்காத அவ்விடங்களையெல்லாம் பிழை என்று எண்ணி அவன் நேர்செய்கின்றான்.

அத்தோடு விட்டானா? 1997-இல் ஆண்டி இல்டிபிராண்டு என்பார் 'ஆட்டோ டியூன்' என்னும் மென்பொருளை வெளியிட்டார்; நிலத்தடியில் எண்ணெய் தேடும் அலையாய்வில் பழகியவர் அவர். பாடுவோன் குரல் விலகினால் அருகிலுள்ள இசைநிலைக்கு அதை இழுத்து நிறுத்துவது அம்மென்பொருளின் தொழில். அருகிலுள்ளது எது என்று முடிவு செய்வது யார்? ஏழிசை சுற்றி மீண்டும் குரலுக்கு வரும் தொலைவை 1200 கூறாக்கினால், குரலோடு இயல்பாக இயையும் கைக்கிளை 386-இல் நிற்கும். 12 சமநிலைகளாக வகுத்த மேலை விசைப்பலகையிலோ அது 400-இல் நிற்கும். நம் பண்களின் இழைவும் அசைவும் அப்பன்னிரண்டு படிகளுக்கு இடையே வாழ்பவை. அவற்றைப் படியில் ஏற்றி அறைவதற்கு அவ்விதழ்கள் இட்ட பெயர் 'திருத்தம்'! பாட்டன் பாடியது பிழை, பொறி பாடியது சரி என்று பேரன் நம்புகின்றான். அவனைக் குறைகூறோம். அவன் படித்த மொழியில் அவன் பாட்டனுக்கு இடமில்லை, அவ்வளவே.

தமிழில் இதற்கெல்லாம் சொல்லேது, நூலேது என்று கேட்கும் அறிவாளிகள் 1917-ஐ நினைக்கட்டும். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் அவ்வாண்டில் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். இசைநிலைகள் 22 அல்ல, 24 என்று கணக்கிட்டு நிறுவ முயன்றார். அவர் முடிவை ஏற்பாரும் மறுப்பாரும் உளர். அளந்தது தமிழில் என்பதை மறுப்பார் எவர்? அறிவியற்பட்டம் பெற்ற விபுலானந்த அடிகள் 1947-இல் 'யாழ் நூல்' தந்தார். கணிப்பொறி இல்லாக் காலத்திலேயே இத்துணை செய்தனர்.

நம்மவர்க்கும் ஒரு சொல். ஒலிவாங்கி, ஒலிக்கலவை, எதிர்முழக்கம் எனச் சொற்பட்டியல் அடுக்குவதோடு நம் கடமை முடிந்ததாகப் பலர் எண்ணுகின்றனர். சொல் பட்டியலில் கிடந்தால் சாகும். செய்முறைக் கட்டுரையில் புழங்கினால் வாழும். பதினாறு பக்கத்தில் ஓர் இதழ் போதும். கருவி விளம்பரம் ஒன்றும் வேண்டா. கடற்காற்றின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வுகளில் இருப்பதால், ஒலிவாங்கிக்கு மயிருறை இட்டு, நொடிக்கு 80-க்குக் கீழ்ப்பட்ட அதிர்வுகளை வடிகட்டினால் பாட்டுத் தெளியும் என்று எழுதுங்கள். நொடிக்கு 48,000 மாதிரிகளாகப் பதிந்த கோப்பைச் சுருக்காமல் அப்படியே இரண்டு இடங்களில் சேமிக்கச் சொல்லுங்கள். தாளக் கட்டத்தையும் குரல் 'திருத்த'த்தையும் எங்கே அணைப்பது என்று படம் வரைந்து காட்டுங்கள். ஒலிப்பதிவுக்கூடங்களில் உழைக்கும் தமிழ் இளைஞர்களே, அக்கட்டுரைகளை எழுதும் தகுதி உங்களுக்கே உண்டு. அம்பா அறிந்த முதியவர்கள் பழவேற்காட்டுக் கரையில் இன்னும் இருக்கும்போதே, வாடைக்காற்றும் மழையும் தொடங்குமுன், முதலிதழ் அவர்தம் பேரப்பிள்ளைகள் கையில் இருக்கட்டும்.