முந்திரிகைக் கொடியும் அடிப்பூஞ்சணமும்

2023ஆம் ஆண்டின் வேனிற் காலத்தில் பிரான்சு தேசத்துப் போர்டோப் பகுதியில் வெப்பமும் மழையும் ஒருங்கே கூடி வந்தன. மதுவுக்கெனப் பயிராகும் முந்திரிகைக் கொடிகளைப் பூஞ்சண நோய் கடுமையாகப் பற்றியது. ஆயினும் அழிவு எங்கும் ஒரே அளவினதாக இருக்கவில்லை. மெர்லோ என்னும் இனத்தை நட்டோர் பெரிதும் இழந்தனர். கபெர்னே சோவின்யோன் இனத்தை நட்டோர் அத்துணை இழந்திலர். ஒரே வானத்தின் கீழ், ஒரே மழையில் நனைந்த கொடிகளுக்குள் இவ்வேற்றுமை ஏன்?

இந்நோயை அடிப்பூஞ்சணம் எனலாம். இலையின் மேற்புறத்தில் எண்ணெய் சிந்தியது போன்ற மஞ்சட் புள்ளிகள் தோன்றும். புரட்டிப் பார்த்தால் அவற்றின் நேர் கீழே வெண்பஞ்சு படர்ந்திருக்கும். இதனை உண்டாக்கும் நுண்ணுயிர் பார்வைக்குப் பங்கசு போன்றதேனும், உறவுமுறையில் அல்காக்களுக்கே அண்மையானது. நீரை நம்பி வாழ்வதும் அவ்வுறவுக்குப் பொருத்தமே. மழைநீர் தங்கிய இலையில் அதன் வித்திகள் நீந்திச் சென்று, இலைவாய்களின் வழியே உட்புகுகின்றன. இளங்காய்களிலும் அவ்வாறே நுழையும். காய் வளர வளர அவ்வாயில்கள் அடைபட்டுவிடும். ஆதலால் பூக்கும் காலத்து மழையே தோட்டக்காரனை நடுங்க வைப்பது.

இதன் தாயகம் வட அமெரிக்கா. அந்நாட்டுக் காட்டு முந்திரிகைகள் நெடுங்காலம் இதனோடு போராடிப் பழகியவை. அவற்றுட் பல, நோய் நுழைந்த இடத்துக் கலங்களைத் தாமே மடியச் செய்து, பகைவனைப் பட்டினி போட்டுவிடும். ஐரோப்பியக் கொடி அவ்வித்தையை அறியாது. வேரை அழிக்கும் பிலொக்சராப் பூச்சியிலிருந்து தப்புவதற்கென வரவழைத்த அமெரிக்கக் கொடிகளுடனேயே இந்நோய் பிரான்சுக்கு வந்ததாகக் கருதுவர். 1878இல் அது அங்கே காணப்பட்டது. மருந்தே நோயைச் சுமந்து வந்த கதை!

மெர்லோவைப் பழித்தலும் முறையன்று. இலைமேல் வெண்பொடி தூவினாற் போலப் படரும் வேறொரு பூஞ்சணம் உண்டு. அது வருங்கால் கபெர்னே சோவின்யோனே மிகுதியாகத் துன்புறும். தண்டை உள்ளிருந்தே உளுக்கச் செய்யும் எஸ்கா நோயிலும் அப்படியே. மேலும், மெர்லோ முன்னதாகக் கனிவது. குளிர்ந்த களிமண்ணிலும் விளைவது. போர்டோவின் செம்முந்திரிகைத் தோட்டங்களிற் பாதிக்கு மேல் அதுவே நிற்பதற்குக் காரணம் இதுதான்.

1882இல் மெடொக் பகுதியில் நடந்து சென்ற மில்லார்தே என்னும் தாவரவியற் பேராசிரியர் ஒரு புதுமையைக் கண்டார். வழிப்போக்கர் பழம் திருடாதிருக்க, வீதியோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் பூசப்பட்டிருந்தன. அக்கொடிகள் மாத்திரம் இலையுதிராது நின்றன. எம் நாட்டு விவசாயிகளும் அறிந்த போர்டோக் கலவை பிறந்தது இவ்வாறே. எனினும் தெளித்த செம்பு மண்ணிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே ஏழாண்டுகளில் எக்டேயருக்கு 28 கிலோவுக்கு மேல் இடலாகாதென ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் கட்டுப்பாடு விதித்துள்ளது.

அமெரிக்கக் கொடிகளின் எதிர்ப்பாற்றலை ஐரோப்பிய இனங்களிற் புகுத்துவதே இப்பொழுது நடைபெறும் முயற்சி. ஆர்த்தபான், விடொக், புளோரெயால், வொல்ற்றிஸ் என்னும் நான்கு புதிய இனங்களுக்கு 2018இல் பிரான்சு அனுமதி வழங்கிற்று. ஒரேயொரு பரம்பரையலகை நம்பிய பியங்கா என்னும் இனத்தின் காவலை நோய் உடைத்துவிட்ட செய்தி 2010இல் வெளிவந்திருந்தது. ஆகையால் இந்நான்கிலும் அடிப்பூஞ்சணத்துக்கெதிராக இரண்டு அலகுகளை இணைத்துள்ளனர். அவ்வாறு இணைத்த பின்னரும் ஆண்டுக்கு இரண்டொரு முறை மருந்து தெளிக்கும்படியே ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர்.