கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும்



சிலப்பதிகாரம் என்றதும் எல்லோருக்கும் பாண்டியன் அவைதான் நினைவுக்கு வரும். எனக்குக் கானல்வரி. கடற்கரையில் கோவலன் யாழ் மீட்டிப் பாடினான். வேறொருத்தியை நினைத்துப் பாடுகிறான் என்று எண்ணிய மாதவி, தானும் வேறொருவனை நினைப்பதுபோல் பாடினாள். யாரை நினைத்துப் பாடினாய் என்று இருவரும் கேட்கவில்லை. அவன் எழுந்து போனான். வசந்தமாலை கொண்டுவந்த கடிதத்தையும் வாங்க மறுத்தான். மதுரைக்குப் போகும் வழியில் கோசிகன் தந்த இரண்டாவது கடிதத்தைப் படித்தபிறகே, தவறு தன்னுடையது என்று விளங்கியது.

கண்ணகியும் தன் மனக்குறையைக் கணவனிடம் வாய்விட்டுச் சொன்னது மதுரையில், ஆயர் வீட்டில்தான். அன்றே அவன் கொலையுண்டான்.

அவளுடைய பொறுமையைச் சொல்லியே நம் வீட்டுப் பெண்பிள்ளைகளை வளர்த்துவிட்டோம். பொறுமை வேறு, வாயை மூடிக்கொண்டிருப்பது வேறு.

இன்று சந்தேகம் செல்போனில் தொடங்குகிறது. ஒருவர் போனை ஒருவர் ஒளிந்து பார்க்காதீர்கள், கண்ணுகளா. ஸ்டேட்டஸில் குத்திக் காட்டாதீர்கள், அதுவும் கானல்வரிதான். சந்தேகம் வந்த அன்றே நேரில் கேளுங்கள். கேட்கப்பட்டவர் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். கேட்டால் சண்டை வரும் என்று பயப்படுகிறீர்கள். வரட்டும். சண்டை ஒரு ராத்திரியில் தீரும்; கேட்காத கேள்வி தீராது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
அம்மாபேட்டை.