அனகோண்டா வாங்கச் சொல்லும் அண்ணன்களுக்கு

எலைட் டேஞ்சரஸ் ஆடத் தொடங்கும் எந்தப் புதுப் பையனும் முதல் வாரத்தில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “எல்லா வேலைக்கும் ஆகிற மாதிரி ஒரே ஒரு கப்பல் வாங்கணும்னா எதை வாங்கலாம்?” அனுபவசாலி அண்ணன்கள் சொல்லும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: “எதையும் யோசிக்காதே, காசு சேர்த்து நேரா அனகோண்டா வாங்கிடு தம்பி.”

தம்பியும் நம்பிவிடுவான். அடுத்த இரண்டு மாதம் ஒரே பாதையில் சரக்கு ஏற்றி இறக்கி, ஒரே பாறையைச் சுரண்டி, கடைசியில் அந்தக் கப்பலை வாங்குவான். வாங்கிய பத்தாவது நாள் ஆட்டத்தையே விட்டுவிடுவான். எங்கள் விடுதியிலேயே இப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆகவே அண்ணன்களே, உங்கள் மீது எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இந்த அறிவுரையை நிறுத்துங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. 2014 டிசம்பரில் பிரிட்டனின் ஃபிரான்டியர் நிறுவனம் வெளியிட்டது. நம் பால்வீதியை அதன் முழு அளவில், சுமார் 40,000 கோடி நட்சத்திர மண்டலங்களோடு கணினிக்குள் கட்டி வைத்திருக்கிறார்கள். ‘ஜெயித்துவிட்டேன்’ என்று சொல்ல ஒரு முடிவு கிடையாது. சைட்விண்டர் என்ற பொடிக் கப்பலைக் கையில் கொடுத்து, போ, பிழைத்துக்கொள் என்று விட்டுவிடுவார்கள். வியாபாரம் பண்ணலாம், கொள்ளையரை வேட்டையாடலாம், நீங்களே கொள்ளையடிக்கலாம், சுரங்கம் தோண்டலாம், யாரும் போகாத நட்சத்திரத்துக்குப் போய் உங்கள் பெயரைப் பதித்துவிட்டு வரலாம். கப்பல்களுக்குப் பெயர் வைத்தவர்களுக்குப் பாம்பு மேல் என்ன பிரியமோ தெரியவில்லை: கோப்ரா, பைத்தான், கிரெய்ட் (நம்ம ஊர் கட்டுவிரியன்!), மாம்பா, ஆஸ்ப், அனகோண்டா.

இப்போது விஷயத்துக்கு வருவோம். அனகோண்டாவைப் புகழும்போது மூன்று பெருமைகளை அடுக்குவார்கள். ஒன்று, எட்டு ஆயுத முனைகள். இரண்டு, 460 டன்னுக்கு மேல் சரக்கு. மூன்று, ஒரே தாவலில் வெகுதூரம் போகும் திறன். மூன்றும் உண்மை. ஆனால் மூன்றும் ஒரே கப்பலில் ஒரே நேரத்தில் உண்மை கிடையாது. இங்கேதான் ஏமாற்று வேலை இருக்கிறது.

இந்த ஆட்டத்தில் கப்பல் என்பது காலி அறைகள் உள்ள ஒரு வீடு மாதிரி. ஒவ்வொரு அறைக்கும் ஒரு எண். சரக்கு ராக்கின் கணக்கு எளிது: 4ஆம் எண் அறையில் 16 டன், 5இல் 32, 6இல் 64, 7இல் 128. ஒவ்வொரு படிக்கும் இரட்டிப்பு. 460 டன் என்ற கணக்கு வரவேண்டும் என்றால் எல்லா அறையிலும் ராக்கையே போட வேண்டும். அதாவது ஷீல்டு கிடையாது, நட்சத்திரத்திலிருந்து எரிபொருள் அள்ளும் ஸ்கூப் கிடையாது, தரையில் ஓட்டும் வண்டி கிடையாது. ஒரு கொள்ளையன் வந்து தட்டினால் போச்சு.

தூரத் தாவல் சாதனையும் அப்படித்தான். கருவிகளில் ஏ முதல் இ வரை தரம் உண்டு. ஏ வலுவானது, டி எடை குறைந்தது. நட்சத்திரம் தேடிப் போகிறவர்கள் தாவல் எஞ்சினை மட்டும் ஏ தரத்தில் வைத்துக்கொண்டு, மீதியை டி தரத்துக்கு மாற்றி, துப்பாக்கிகளைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் அந்தத் தூரத்தை எட்டுகிறார்கள். எட்டுத் துப்பாக்கியும் இராணுவக் கவசமும் மாட்டிய அனகோண்டா அதில் பாதி தூரம் போனாலே பெரிது. ஆக, அண்ணன் புகழ்ந்தது மூன்று வெவ்வேறு கப்பல்களை. தம்பி வாங்கப் போவது ஒன்றைத்தான்!

அடுத்தது இறங்கும் மேடை. நிலையங்களில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு மேடைகள். அவுட்போஸ்ட் எனப்படும் சிறு நிலையங்களில் பெரிய மேடையே கிடையாது. அனகோண்டாவுக்குப் பெரிய மேடை வேண்டும். நல்ல கூலி தரும் வேலையை ஏற்றுக்கொண்டு போய்ச் சேர்ந்தால், “உங்களுக்கு இங்கே இடமில்லை” என்று கதவைச் சாத்துவார்கள். பாதி ஊருக்குள் நுழைய முடியாத வண்டிக்கு ‘சகலகலா’ பட்டம் எப்படிக் கொடுப்பது? தெருவுக்குள் திரும்ப முடியாத லாரியை ‘எல்லாத்துக்கும் ஆகும்’ என்று யாராவது விற்றால் வாங்குவீர்களா?

இப்போது பணம். அனகோண்டாவின் விலை சுமார் 14.7 கோடி கிரெடிட். அது வெறும் கூடு. அதற்கான மிகச் சிறந்த மின் உலை (8ஏ) மட்டும் சுமார் 16.2 கோடி. ஆமாம், கப்பலை விட அதன் உலை விலை அதிகம்! ஆகவே 15 கோடி சேர்த்தவுடன் ஓடிப்போய் வாங்குகிறவன், கடையில் வந்த இ தரக் கருவிகளோடுதான் ஓட்டியாக வேண்டும். நகர்வது ஆமை வேகம். மேம்படுத்தாத அனகோண்டா நொடிக்கு 180 மீட்டர் போகும், பூஸ்ட் அடித்தால் 240. கோப்ரா மார்க் 3 சாதாரணமாகவே 280, பூஸ்டில் 400. யார் யாரை விட்டுத் தப்பிப்பார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கப்பல் வெடித்தால் கருவிகளோடு சேர்த்த மொத்த மதிப்பில் 5 சதவீதம் கட்டித் திரும்ப வாங்க வேண்டும். 40 கோடிக்குக் கட்டிய கப்பல் என்றால் ஒரு சாவுக்கு 2 கோடி. 70 லட்சத்துக்கு நன்றாகக் கட்டிய கோப்ரா என்றால் மூன்றரை லட்சம். போதாக்குறைக்கு ஏற்றிய சரக்கும் போகும், வாரக்கணக்கில் சேர்த்து விற்காமல் வைத்திருந்த நட்சத்திரத் தகவல்களும் போகும். விண்வெளி ஆட்டங்களில் எல்லோரும் முதலில் கற்கும் பாடம், இழக்கத் துணியாததை ஓட்டாதே என்பது. நம்ம ஊரில் இதை விரலுக்கேத்த வீக்கம் என்று எப்போதோ சொல்லிவிட்டார்கள்.

விலை தெரிந்த பயம் ஒரு ஆளை என்ன செய்யும் என்பதுதான் முக்கியம். 2 கோடி போய்விடும் என்று தெரிந்தவன் சண்டைக்குப் போக மாட்டான். அறியாத சமிக்ஞை ஒன்று வந்தால் நின்று பார்க்க மாட்டான். பள்ளத்தாக்குக்குள் தாழப் பறக்க மாட்டான். எல்லாம் செய்யக்கூடிய கப்பலை வாங்கி எதையும் செய்யாமல் நிறுத்தி வைத்திருப்பான். யானையைக் கட்டித் தீனி போடும் பிழைப்பு.

அதற்காக அவன் செலவழித்த நேரத்தையும் பாருங்கள். 2015-16இல் ரொபிகோ, அப்புறம் சோதிஸ், 2019-20இல் போரன் என்று ஒவ்வொரு காலத்திலும் ‘சீக்கிரம் காசு’ தரும் ஒரு ஊர் இருந்தது. கூட்டம் கூட்டமாகப் போய் அதே வேலையை நூறு முறை செய்தார்கள். 40,000 கோடி மண்டலங்களைக் கொடுத்தால் ஒன்றிரண்டில் மட்டும் குமாஸ்தா வேலை பார்ப்பது என்ன பொழுதுபோக்கு ஐயா? கல்லூரிப் பையனுக்கு ராத்திரி சாப்பாட்டுக்கும் மறுநாள் அசைன்மென்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த ஒரு மணி நேரத்தையும் ‘நாளைக்கு ஆடுவதற்காக’ உழைத்துக் கழிக்கச் சொல்கிறீர்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. வேலைக்குப் போனபின் இப்படித்தான் இருக்கப் போகிறோம். இப்போதே ஒத்திகை எதற்கு?

கொஞ்சம் வரலாறு. இந்த ஆட்டத்தின் மூலம் 1984இல் வந்த எலைட். எழுதியவர்கள் டேவிட் பிராபென், இயன் பெல். இருவரும் அப்போது கேம்பிரிட்ஜ் மாணவர்கள், நம்மைப் போலத்தான் :-) வெறும் 32 கிலோபைட் நினைவகம் உள்ள பிபிசி மைக்ரோ கணினிக்குள் எட்டு அண்டங்கள், ஒவ்வொன்றிலும் 256 நட்சத்திரங்கள் என்று அடைத்தார்கள். அதில் நமக்குக் கிடைத்த கப்பல் எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று. கோப்ரா மார்க் 3. கையில் 100 கிரெடிட், 20 டன் சரக்கு இடம். வேறு கப்பல் வாங்கவே முடியாது. அதே கப்பலுக்கு லேசர் மாற்றலாம், சரக்கு இடத்தை 35 டன்னாக்கலாம், ஸ்கூப் போடலாம். வியாபாரி, வேட்டைக்காரன், கொள்ளைக்காரன் எல்லாம் அந்த ஒரு கப்பலில்தான். அனகோண்டாவும் பைத்தானும் அந்தக் கையேட்டில் சரக்கு சுமக்கும் கப்பல்கள். இன்று அதே சரக்குக் கப்பலை ‘எல்லாத்துக்கும் ராஜா’ என்று தலையில் தூக்கி வைத்திருக்கிறோம்.

இங்கே இன்னொரு கட்சி எழுந்து வரும். “பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான். எல்லா வேலைக் கப்பல் என்பதே பொய். சரக்குக்கு டைப்-9, சண்டைக்கு ஃபெர்-டி-லான்ஸ் என்று தனித்தனியாக வாங்கு” என்பார்கள். இவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. 700 டன் ஏற்ற வேண்டும் என்றால் டைப்-9 போன்ற ஒன்றுதான் சரி. 2016 முதல் கப்பல்களை வேறு நிலையத்துக்கு வரவழைக்கும் வசதியும் இருக்கிறது. ஆனால் அதற்குத் தூரத்துக்கும் மதிப்புக்கும் ஏற்பக் கட்டணம், கூடவே காத்திருப்பு. ஒரு மணி நேரக்காரனுக்குக் காத்திருப்புதான் விலை உயர்ந்த சரக்கு. அதைவிட, சம்பவங்கள் உங்கள் அட்டவணையைக் கேட்டு வருவதில்லை. சரக்கோடு போகும்போதுதான் கொள்ளையன் வருவான். கொள்ளையனைத் துரத்தும்போதுதான் இறங்கிப் பார்க்கத் தோன்றும் ஒரு கிரகம் கண்ணில் படும். அந்த நேரத்தில் கையில் இருக்கும் கப்பலால் என்ன முடியும் என்பதுதான் கேள்வி. தச்சன் பழமொழி மரம் வெட்டுகிறவனுக்கு. வழிப்போக்கனுக்குத் தேவை மடக்குக் கத்தி.

ஆகவே எல்லா வேலைக் கப்பலுக்கு என் மூன்று சோதனைகள்:

1. மூன்று முறை வெடித்தாலும் திரும்ப வாங்கக் கையில் காசு மிஞ்ச வேண்டும்.
2. அவுட்போஸ்ட் உட்பட எங்கும் இறங்க முடிய வேண்டும். அதாவது சின்ன அல்லது நடுத்தர மேடை.
3. கருவி எதையும் மாற்றாமல், கிளம்பிய நிலையிலேயே குறைந்தது மூன்று வகை வேலை செய்ய வேண்டும்.

புதியவருக்கு மூன்றிலும் தேறுவது இன்றும் அதே பழைய கோப்ரா மார்க் 3தான். விலை சுமார் மூன்றரை லட்சம். ஓரிரு வாரத்தில் வாங்கிவிடலாம். மூன்று 4ஆம் எண் அறைகளில் ஷீல்டு, ஸ்கூப், 16 டன் ராக். சின்ன அறைகளில் ஒரு தரை வண்டி, இன்னும் 4 டன். மொத்தம் 20 டன், 1984இல் கொடுத்த அதே அளவு! நான்கு துப்பாக்கி. பலசாலி வழிமறித்தால் எதிர்த்து இழுக்காமல் வேகத்தைப் பூஜ்ஜியமாக்கிப் பணிந்துவிடுங்கள், எஞ்சின் சீக்கிரம் தயாராகும், பூஸ்ட் அடித்துத் தாவி ஓடிவிடலாம்.

கை வசதியான பிறகு நடுத்தர மேடைக்குப் போங்கள். ஊர்சுற்றியா, ஆஸ்ப் எக்ஸ்ப்ளோரர் (சுமார் 67 லட்சம்). சண்டைப் பிரியரா, 2018இல் வந்த கிரெய்ட் மார்க் 2 (சுமார் 4.6 கோடி), உள்ளே ஒரு குட்டிப் போர் விமானத்தையும் வைத்துக்கொள்ளலாம். வியாபாரப் புத்தி அதிகமா, பைத்தான் (சுமார் 5.7 கோடி). அனகோண்டாவை வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. அதை என்ன ஒரு வேலைக்கு வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள். அப்போது அது நல்ல கப்பல்தான்.

2024 முதல் வந்த புதுக் கப்பல்கள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு சூப்பர்குரூஸில் அதிவேகமாகப் போக உதவும் புது எஞ்சின் வந்தது. பழைய கப்பல்களில் மாட்டினால் திமிறும், சூடாகும், எரிபொருளைக் குடிக்கும். மாண்டலே, கோப்ரா மார்க் 5 போன்ற புதியவை அதற்கென்றே செய்யப்பட்டவை. நல்ல கப்பல்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் இவை முதலில் ஆர்க்ஸ் எனும் தனி நாணயத்துக்குத்தான் வரும், சில மாதம் கழித்தே சாதாரண கிரெடிட்டுக்குக் கிடைக்கும். ஆர்க்ஸ் ஆடியும் சிறுகச் சேரும், நிஜக் காசு கொடுத்தும் வாங்கலாம். கருவிகள் எல்லாம் பொருத்திய தயார் கப்பலும் விற்கிறார்கள். மாணவர்களே, மெஸ் பணத்தில் கை வைக்காதீர்கள். காத்திருந்தால் கிரெடிட்டுக்கே வரும். அது மட்டுமில்லை, எந்த அறையில் எதைப் போடுவது என்று நீங்களே மண்டையை உடைத்துக்கொள்வதில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது. அதையும் காசு கொடுத்துத் தவிர்த்தால் ஆட என்ன மிச்சம்?

2019 ஜனவரியில் ‘டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ் 2’ என்ற பயணத்துக்கு 13,000 பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். சூரியனிலிருந்து 65,000 ஒளியாண்டு தள்ளி, பால்வீதியின் மறுகோடியில் இருக்கும் பீகிள் பாயின்ட்தான் இலக்கு. அவ்வளவு தூரத்தைச் சின்னக் கப்பல்களில் கடந்தவர்களும் உண்டு. சில தாவல்கள் அதிகம் ஆகும், அவ்வளவுதான்.

ஆகவே தம்பிகளே, இன்று ராத்திரி ஒரு மணி நேரம் கிடைத்தால் கையில் இருக்கும் கப்பலில் இதுவரை போகாத ஏதோ ஒரு திசைக்குப் போங்கள். அண்ணன்களே, அடுத்த முறை யாராவது கேட்டால், “தினமும் எவ்வளவு நேரம் ஆடுவே?” என்று முதலில் திருப்பிக் கேளுங்கள். கப்பல் பெயரை அப்புறம் சொல்லலாம்.