இரண்டு இருந்தால் போதுமா?



"கம்ப்யூட்டர்லதான இருக்குது, பத்திரமா இருக்கும்." நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. தயவு செய்து இதை நம்பாதீர்கள். நம்பி இழந்த குடும்பம் எங்களுடையது. அதனால்தான் எழுதுகிறேன்.

இராசிபுரத்தில் என் மாமா கல்யாண வீடியோ எடுக்கிறார். ஒரு பழைய கம்ப்யூட்டரையே வீட்டில் சர்வராக வைத்திருக்கிறார். அதில் 2 டெராபைட் ஹார்டு டிஸ்க் இரண்டு. ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதியும். இதற்கு 'மிரர்' என்று பெயர். பல டிஸ்க்குகளை இப்படிச் சேர்த்து வைக்கும் முறைக்கு 'ரெய்டு' என்று பெயர் வைத்து, 1988-ல் கட்டுரை எழுதியவர்கள் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் என்ற மூவர். ஒரு டிஸ்க் கெட்டாலும் வேலை நிற்காது. மாமாவும் அந்தத் தைரியத்தில்தான் இருந்தார்.

சித்திரை வெயில். ஒரே நாளில் மூன்று தடவை கரண்ட் போய் வந்தது. சாயங்காலம் சர்வர் எழுந்திருக்கவில்லை. உள்ளேயிருந்து டக், டக் என்று சத்தம். "ஏங்கண்ணு, நீ கம்ப்யூட்டர் குரூப்புதான? வந்து பாரு கண்ணு" என்று மாமா போன் செய்தார்.

நான் போனபோது அவர் ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "வேண்டாங்க மாமா, நிறுத்துங்க" என்றேன். ஹார்டு டிஸ்க்கில் தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றும். படிக்கும் முனை அதைத் தொடாமல், முடியைவிடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கும். சத்தம் போடும் டிஸ்க்கை மறுபடி மறுபடி ஓட்டினால் இருக்கிற தகவலும் அழியலாம்.

முதலில் இரண்டு டிஸ்க்கின் சீரியல் நம்பரையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அவசரத்தில் நல்ல டிஸ்க்கைக் கழற்றிவிடுகிறவர்கள் நிறையப் பேர். பிறகு ஒவ்வொன்றாக வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, 'ஸ்மார்ட்' அறிக்கையைப் பார்த்தேன். இது டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் நோய்க்குறிப்பு. அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

முதல் டிஸ்க்கில் ஒரு பழுதும் இல்லை! கேபிள் தொடர்புப் பிழைகள் மட்டும் ஏகப்பட்டது. கேபிள் லூசாகி, போன ஆனி மாதமே அது சர்வரிலிருந்து விலகிவிட்டது. பத்து மாதமாக ஓடியது இரண்டாவது டிஸ்க் மட்டும்தான். இப்போது டக் டக் என்றதும் அதுதான். திரையில் இரண்டும் நலம் என்றால் 'யூ யூ' என்று காட்டும், ஒன்று விழுந்தால் அந்த எழுத்துக்குப் பதில் ஒரு கோடு வரும். பத்து மாதமாகக் கோடு இருந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. நூறு ரூபாய்க் கேபிள்தான் காரணம் என்றால் எவ்வளவு வருத்தம்!

கெட்ட இடங்களைத் தாண்டிப் போய் நல்ல இடங்களை முதலில் எடுக்கும் 'டிடி ரெஸ்க்யூ' என்ற இலவச மென்பொருளை இரவு முழுவதும் ஓட்டினோம். பெரும்பாலும் வந்துவிட்டது. வராத கோப்புகளில் ஒன்று, தைப் பொங்கலன்று அம்முச்சியைப் பேச வைத்து எடுத்த பதிவு. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போன கதையும் இரண்டு கும்மிப் பாட்டும் அதில் இருந்தன. மாசியில் அம்முச்சி இறந்துவிட்டார். முதல் டிஸ்க்கில் அது இல்லை, ஏனென்றால் அது ஆனியோடு நின்றுவிட்டது. கடைசியில் கிடைத்தது மூன்று நிமிடம். அதுவும் திருச்செங்கோட்டுச் சித்திக்கு மாமா அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருந்ததால்!

இதில்தான் என் கருத்து இருக்கிறது. ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு டிஸ்க், இரண்டு பிரதி ஆகாது. மிரர் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். நாம் தவறி அழித்தால் அது இரண்டிலும் சேர்ந்தே அழியும். தீ, இடி, திருட்டு வந்தாலும் இரண்டும் சேர்ந்தே போகும். இன்னொரு வீட்டில் இருப்பதுதான் உண்மையான பிரதி.

"எல்லாம் ஆன்லைன்ல ஏத்திட்டாப் போச்சு" என்று என் நண்பன் சொன்னான். அது நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. 2025 செப்டம்பர் 26-ல் தென் கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தகவல் மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்பு சேமித்த 'ஜி டிரைவ்' அழிந்தது. 858 டெராபைட்! வெளியே பிரதி இல்லை. பெரிய அரசாங்கத்துக்கே இந்த நிலை என்றால் நாம் எம்மாத்திரம்?

நம் முன்னோர் கதையும் இதுதான். 1880-ல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று உ.வே.சாமிநாதையரைக் கேட்டார். பிரதியும் கொடுத்தார். ஒரு பிரதியில் பிழையும் குறையும் இருந்தபோது ஐயர் வேறு ஊர்களின் ஏடுகளைத் தேடி ஒப்பிட்டு 1887-ல் அச்சிட்டார். பல வீடுகளில் பிரதி இருந்ததால் நூல் பிழைத்தது. ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்ட ஏடுகளைப் பற்றியும் அவர் வேதனையோடு எழுதியிருக்கிறார். அவற்றில் வேறு பிரதி இல்லாதவை போனது போனதுதான்.

நம் பள்ளிக்கு என் வேண்டுகோள் மூன்று. ஆண்டு விழாப் படங்களும் மாணவர் ஆய்வுகளும் லேபில் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கின்றன. அவற்றுக்கு இன்னும் இரண்டு பிரதி வேண்டும், அதில் ஒன்று பள்ளிக்கு வெளியே. மாதத்தின் முதல் திங்கள் இரண்டு மாணவர்கள் டிஸ்க் அறிக்கையைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், பிரதியிலிருந்து ஒரு கோப்பையும் திறந்து பார்க்க வேண்டும். திறக்காத பிரதியை நம்ப முடியாது. மூன்றாவது, இந்தச் சுவர்ப் பத்திரிகை. அடுத்த மாதத் தாளை இதன் மேலேயே ஒட்டுகிறோம். ஒட்டும் முன் ஒரு போட்டோ எடுத்து வைக்கலாமே!

நண்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் தாத்தா பாட்டி குரல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரே இடத்தில் இருந்தால் இன்றைக்கே இன்னொரு வீட்டுக்கு அனுப்புங்கள். நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள். நாங்கள் தள்ளிப் போட்டோம்.

- பதினொன்றாம் வகுப்பு மாணவன், கணினி அறிவியல் பிரிவு