எந்த வீட்டிலிருந்து வேலை?

வீட்டிலிருந்து வேலை செய்வது உங்களுக்குப் பொருந்துமா என்று சோதிக்கச் சொல்லும் பட்டியல்களில் எப்போதும் ஒரே கேள்விகள்தான். தனி அறை இருக்கிறதா? இணையம் சீராக வருமா? கவனம் சிதறாமல் உட்கார முடியுமா? அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது, அதிலிருந்து வெளியேற எத்தனை தலைமுறை ஆனது என்று எந்தப் பட்டியலும் கேட்பதில்லை. சென்னை ஓ.எம்.ஆர். வேலையோடு புதுச்சேரிக்குத் திரும்பி வந்த நண்பர்கள் சிலர் இப்போது என்னிடம் யோசனை கேட்கிறார்கள். அலுவலகம் வரலாம், வராமலும் இருக்கலாம் என்கிறதாம் கம்பெனி. ஆய்வேட்டை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவன், எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள்.

எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பரோடா. 1917-ல் வெளிநாட்டுப் படிப்போடு அங்கே சமஸ்தான வேலைக்குப் போனார் அம்பேத்கர். வேலை இருந்தது, நாற்காலி இருந்தது, தங்க வீடு மட்டும் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்தவர்கள் அவரை வெளியேறச் சொன்னார்கள். இடம் கேட்டுப் போன நண்பர்கள் இருவரும் கைவிரித்தார்கள். கடைசியில் வேலையை விட்டுவிட்டு பம்பாய்க்கு ரயில் ஏறினார். சாதி அவரை வேலையிலிருந்து விரட்டியது வீட்டின் வழியாக.

இதைப் பழங்கதை என்று ஒதுக்க முடியவில்லை. டெல்லியிலும் சுற்றுப்புற நகரங்களிலும் வாடகைக்கு வீடு தேடும் தலித்துகளும் முஸ்லிம்களும் எப்படி மறுக்கப்படுகிறார்கள் என்று சுகதேவ் தோரட் குழுவினர் 2015-ல் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். புதுச்சேரியில் நான் வீடு தேடியபோது அட்வான்ஸ் பேசி முடிக்கும் நேரத்தில்தான் அந்தக் கேள்வி வந்தது: "தம்பி, நீங்க என்ன ஆளுங்க?" கால்வாய்க்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று வெள்ளைக்காரன் பிரித்த ஊர் என்று சுற்றுலாக்காரர்களுக்குக் கதை சொல்கிறோம். நாம் பிரித்து வைத்திருப்பதைச் சொல்வதில்லை.

வாடகை வீடு கிடைக்காதவர்கள் பெற்றோர் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள். பாகூர் பக்கத்துக் காலனியிலிருந்து சென்னைக்குப் போன ஒரு தோழி, ஊரடங்கில் திரும்பியவள், அப்படியே தங்கிவிட்டாள். ஒரே கூடம். கேமராவைத் திறக்கவே மாட்டாள். தெருவில் சாவு மேளம் கேட்டால் மைக்கை அணைத்துவிட்டு "கோயில் விசேஷம்" என்பாள். பொண்ணு வீட்டில்தானே இருக்கிறாள் என்று குழாயடி, ரேஷன் கடை, தம்பியின் சாப்பாடு எல்லாம் அவள் தலையில் விழுந்தன. பிறகு மாப்பிள்ளை பார்க்கவும் தொடங்கினார்கள். "ஹாஸ்டல்ல நான் வெறும் டெஸ்டர். இங்க நான் இன்னார் பொண்ணு" என்றாள். சாதி மறுப்புத் திருமணங்கள் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். வெவ்வேறு தெருக்காரர்கள் பேசிப் பழக ஓர் இடம் வேண்டும் என்பது அந்தப் பேச்சில் அவ்வளவாக வருவதில்லை. பேருந்து, கேன்டீன், ஹாஸ்டல் மாடி எல்லாம் அந்த இடங்கள்தான்.

அலுவலகம் சாதியற்ற இடம் என்று நான் சொல்லவில்லை. தலித் பொறியாளர் ஒருவருக்குப் பாகுபாடு காட்டியதாக சிஸ்கோ மீது கலிஃபோர்னியா அரசே 2020-ல் வழக்குத் தொடுத்தது. நிறுவனம் மறுத்தது, மேலாளர்கள் இருவர் மீதான வழக்கு 2023-ல் திரும்பப் பெறப்பட்டது. நம் அலுவலகங்களில் தோளைத் தடவிப் பூணூல் தேடுகிறவர்களையும், டிபன் பாக்ஸை எட்டிப் பார்க்கிறவர்களையும் தெரிந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு வீடு ஒரு மூச்சு. சொந்தமாக இரண்டு அறையும் தொந்தரவு செய்யாத குடும்பமும் இருந்தால் தாராளமாக வீட்டிலேயே இருங்கள்.

ஆனால் நேரக் கணக்கை மறக்காதீர்கள். 1936 ஜூலை 30 அன்று இதே ஊரில் மில் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தப் போராட்டத்தின் விளைவாக 1937-ல் பிரெஞ்சிந்தியாவில் 8 மணி நேர வேலை சட்டமானது. மில்லில் சங்கு ஊதினால் வேலை முடிந்தது. லேப்டாப்புக்குச் சங்கு கிடையாது. தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் தலைமுறைகளாக வீட்டில் பீடி சுற்றும் பெண்களைக் கேட்டால் இது புரியும்: சமையலுக்கு நடுவே சுற்றி, இரவிலும் சுற்றி, எண்ணிக்கைக்குக் கூலி. ஆனாலும் 1966-ன் பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றே ஏற்றது. ஐ.டி. ஊழியர்கள் அந்தச் சட்டத்தை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். மின்கட்டணம், இணையச் செலவு, நாற்காலி எல்லாம் யார் கணக்கில் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வீட்டில் இருப்பவருக்குப் பதவி உயர்வு எப்படி முடிவாகிறது என்பதையும் கேளுங்கள். அங்கே முன்பே சொந்தக்காரர், ஊர்க்காரர் என்று ஆள் வைத்திருப்பவருக்கு, கண்ணில் படாமல் இருப்பதால் பெரிய நட்டமில்லை. முதல் தலைமுறையாகப் போனவருக்கு அது நட்டம்.

தோழி வாரத்தில் மூன்று நாள் சென்னை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஹாஸ்டல் வாடகையில் பாதியைக் கம்பெனி தருமா என்று கேட்டிருக்கிறாள், பதில் வரவில்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.