பழைய பைக்கின் ஃபோர்க்கைத் தொடலாமா?

பழைய பைக் பிரியர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் "மாத்திட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சண்டை ரெடி. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கணும், ஒரு நட்டு கூட மாறக் கூடாது என்பது ஒரு கோஷ்டி. பெயிண்ட், சீட், லைட் விஷயத்தில் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கு. ஆனா அதே பைக்கில் சைடுகார் மாட்டி, அதில் ஒரு ஆளையும் உட்கார வைத்துவிட்டு, முன் ஃபோர்க்கை மட்டும் தொடவே கூடாது என்று அடம்பிடிப்பது சுத்த அபத்தம்.

ஷோலே (1975) படத்துப் பாட்டைப் பார்த்துவிட்டு சைடுகார் என்றாலே ஜாலி சமாச்சாரம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். ஓட்டுகிறவரின் தோள்பட்டையைக் கேட்டால் கதை வேறு!

தனி பைக் வளைவில் சாய்ந்து திரும்பும். சைடுகார் மாட்டிய பிறகு சாய வழியில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்துத்தான் திருப்ப வேண்டும். இங்கேதான் 'டிரெயில்' என்ற வில்லன் வருகிறார். ஹேண்டில்பார் சுழலும் அச்சை ஒரு கோடாக ரோடு வரை நீட்டினால், அது தொடும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னால்தான் டயர் ரோட்டில் பதியும். அந்த இடைவெளிதான் டிரெயில். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம் தானாகவே நேராகிக்கொள்கிறதே, அதே சங்கதி. தனி பைக்குக்கு இது வரம். சைடுகாருக்கோ ஒவ்வொரு திருப்பத்திலும் மல்யுத்தம். அதனால் சக்கரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி டிரெயிலைக் குறைக்க வேண்டும்.

இதைக் கம்பெனியே ஒத்துக்கொண்ட உதாரணம் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ. 1955 முதல் 1969 வரை அவர்கள் தயாரித்த பைக்குகளில் இங்கிலாந்துக்காரர் எர்னி ஏர்ல்ஸ் வடிவமைத்த ஃபோர்க் இருந்தது. சக்கரத்தைத் தாங்கும் கை, டயருக்குப் பின்னால் ஒரு போல்ட்டில் ஆடும். அந்த போல்ட்டுக்கு ஃபோர்க்கில் இரண்டு ஓட்டைகள்! பின் ஓட்டை தனியாக ஓட்ட, முன் ஓட்டை சைடுகாருக்கு. ஆர்60/2 என்ற 594 சிசி வண்டி சைடுகார்க்காரர்களின் செல்லப்பிள்ளை ஆனதற்கு இதுவும் ஒரு காரணம். குதிரைத்திறன் என்னவோ வெறும் 30தான். சைடுகாருக்கென்று கெட்டியான ஸ்பிரிங், வேறு கியர் விகிதம் எல்லாம் தனியாகக் கிடைத்தன. பக்கவாட்டு இழுப்பில் சாதாரண டெலஸ்கோப்பிக் ஃபோர்க் வளைந்து கொடுக்கும். ஏர்ல்ஸ் அவ்வளவு சுலபத்தில் அசையாது.

ஆக, அந்த வண்டியில் 'ஒரிஜினல்' எது? இரண்டு ஓட்டையுமே ஒரிஜினல்தானே!

எல்லா வண்டிக்கும் இந்த வசதி கிடையாது. டெலஸ்கோப்பிக் ஃபோர்க் உள்ள பழைய பிரிட்டிஷ் வண்டிகளுக்கு ஃபோர்க் குழாய்களைப் பிடிக்கும் மேல், கீழ் கிளாம்ப்புகளை வேறு கோணத்தில் செய்து மாட்டுவார்கள். தப்பில்லை. கழற்றிய பழசை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தால் வண்டியின் மதிப்பில் பைசா குறையாது. ஆனா செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரிஜினல் குழாயையே சூடு காட்டி வளைப்பதும், வெட்டி வெல்டிங் வைப்பதும் மன்னிக்க முடியாத காரியம். கணக்குப் பாடத்து பாஷையில் அது தேய்மானம் இல்லை, சொத்தையே எழுதித் தள்ளுவது. அது விட்டுப்போனால் முதலில் அடிபடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாவி.

டிரெயில் குறைந்தால் மெதுவாகப் போகும்போது ஹேண்டில்பார் இடமும் வலமும் உதறும், உண்மைதான். எதிர்க்கோஷ்டி இதைத்தான் பெரிய குறையாகச் சொல்லும். ஸ்டீயரிங் டேம்பரைக் கொஞ்சம் இறுக்கினால் அடங்கிவிடுகிற விஷயம் அது.

அதைவிடப் பெரிய வம்பு ஒன்று இருக்கு, அதை இரண்டு கோஷ்டியும் பேசுவதில்லை. சைடுகாரைக் கழற்றி விற்றுவிட்டு, போல்ட்டை முன் ஓட்டையிலேயே விட்டுவிடும் ஆசாமிகள்! அந்த பைக்கை வாங்கித் தனியாக வேகமாக ஓட்டுபவருக்கு வண்டி ஏன் நிலையில்லாமல் அலைகிறது என்று புரியாது. பழைய ஏர்ல்ஸ் ஃபோர்க் வண்டி வாங்கப் போகிறவர்கள் பெயிண்டைப் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து, போல்ட் எந்த ஓட்டையில் இருக்கிறது என்று பாருங்கள்.